சிவப்பு லீவர்

அத்தியாயம் 17

போன வாரம் பாப்பா ஃபோனை வைத்த வேகத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "அப்பாவுக்கு ஞாபகம் தப்புது. இனிமே உங்களால முடியாது. வியாழக்கிழமை சாயந்தரம் பெட்டியோட வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள், டக்கென்று வைத்துவிட்டாள். ஐம்பதைத் தொடப் போகிறவளுக்கு இன்னும் பாப்பா என்றுதான் பேர். தொட்டிலில் வைத்த செல்லப் பெயர், புகுந்த வீடு வரைக்கும் கூடவே போய் ஒட்டிக்கொண்டது. ஆனால் பேர்தான் அப்படி. அவள் ஒன்று முடிவெடுத்துவிட்டால் அந்தக் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது.

மருமகள் அன்று மறுபேச்சு பேசினாள். வைத்த ஃபோனைத் திரும்பப் போட்டு, சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தாள்.

"வாங்க அண்ணி. ஆனா கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் மாமா பக்கத்துல உட்காருங்க. அஞ்சு மணிக்குக் கம்ப்யூட்டர்ல வேலை பார்ப்பார். அதைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

"கம்ப்யூட்டர்ல என்ன வேலை? சீட்டாட்டமா?"

"வந்து பாருங்க."

இந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் மருமகள் வாரம் முழுக்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் கப்பலில். அவனிடம் கேட்டால், "நீயும் அக்காவும் பேசி முடிவு பண்ணுங்க" என்பான். நல்ல பிள்ளை, நடுக்கடலில் இருந்துகொண்டு நடுநிலை.

மாமனார் ரயில்வேயில் சிக்னல் கேபினில் இருந்தவர். தெருவில் இன்றைக்கும் கேபின்காரர் என்றால்தான் தெரியும். ஆளுயர இரும்பு லீவர்கள் வரிசையாக நிற்கும் அறையில், எந்த ரயில் எந்தப் பாதையில் போகணும், எது நிற்கணும் என்று இழுத்தும் தள்ளியும் ஆயுசில் பாதியைக் கழித்தவர். ரிட்டயர் ஆன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கம்ப்யூட்டரில் அதே வேலையை விளையாட்டாகச் செய்கிற ஒரு கூட்டம் இருப்பதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். ஒருவர் கிழக்கு ஸ்டேஷன், ஒருவர் மேற்கு ஸ்டேஷன், நடுவில் இருக்கிற பெரிய ஜங்ஷன் இவருடையது. ரயில்கள் பொய். ஆனால் ஒன்றோடொன்று மோதினால் அவமானம் நிஜம். வியாழக்கிழமை தோறும் அஞ்சு மணிக்கு ஆட்டம்.

ஆக, வியாழக்கிழமை விடிந்தது. மருமகள் லீவு போட்டிருந்தாள். அடுப்படியில் நின்று டீ ஆற்றும்போது மாமனார் வாசற்படியில் வந்து நின்றார்.

"அது வரலம்மா."

"எது மாமா?"

"கம்ப்யூட்டர். பட்டனை அமுக்கறேன். கம்முனு இருக்கு."

மருமகள் டீயை அப்படியே வைத்துவிட்டு ஹாலுக்கு ஓடினாள்.

பட்டனை அமுக்கினாள். ஒரு விளக்கு எரியணுமே, ஒரு சத்தம் வரணுமே, ஒன்றும் இல்லை. மறுபடி அமுக்கினாள். நாம் எல்லோரும் செய்கிற மாதிரி மூன்றாம் தடவை கொஞ்சம் அழுத்தி அமுக்கினாள். கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

மருமகளுக்குத் தொழில் பல் செய்வது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பினால், லேபில் உட்கார்ந்து பொய்ப்பல் செதுக்கி, மெருகு போட்டுத் திருப்பி அனுப்புகிறவள். நெல்முனை அளவு மேடு இருந்தாலும் விரலால் தடவிச் சொல்லிவிடுவாள். கம்ப்யூட்டர் அவளுக்குத் தெரியாது. ஆனால் தெரியாத பொருளை அவசரப்படாமல் தொடத் தெரியும்.

முதலில் சுவரில் இருந்த பிளக்கில் மேஜை விளக்கைச் சொருகினாள். எரிந்தது. அப்போ சுவர் சரி. மானிட்டருக்குப் போகிற வயரும் இதற்கு வருகிற வயரும் ஒரே மாதிரிதானே என்று மாற்றிப் போட்டாள். மானிட்டர் எரிந்தது, பெட்டி எரியவில்லை. அப்போ வயரும் சரி. மாமனார் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காலையில ஏதாவது சத்தம் கேட்டுதா மாமா?"

"வெளியில தண்ணி மோட்டார் ஓடிட்டு இருந்துது. கவனிக்கல."

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். அந்தம்மா எப்போதும் எதையாவது மென்றுகொண்டே பேசும். வாய் ஓயாது, ஆனால் விஷயம் தெரிந்த வாய்.

"இன்னைக்கு யாரும் வர முடியாதும்மா. கடையில நான் ஒருத்திதான். நீயே பாரு. பிளக்கைப் பிடுங்கிட்டு பக்கவாட்டுத் தகரத்தைக் கழட்டு."

ஸ்க்ரூவைக் கழற்றித் தகரத்தை இழுத்தாள்.

இத்தனை வருஷம் அந்த மேஜையைத் துடைத்திருக்கிறாள், அந்தப் பெட்டி மேல் பூ ஜாடி வைத்திருக்கிறாள். உள்ளே என்ன இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. பச்சைப் பலகை முழுக்கக் கடுகைவிடச் சின்னதாக ஆயிரம் துண்டுகள், ஒவ்வொன்றும் கோடு போட்ட மாதிரி நேராகப் பதிந்திருந்தன. ஒரு பல்லைப் பொருத்துவதற்கே தனக்கு அரை நாள் போகிறது. இதை எந்தக் கை பதித்திருக்கும்? தூசியை ஊதக்கூடத் தயக்கமாக இருந்தது அவளுக்கு.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"மூக்கைக் கிட்டக் கொண்டு போ. வாசனை வருதா?"

பின்பக்கத்து மூலையில் ஒரு தகரப் பெட்டி, உள்ளே விசிறியோடு. அங்கேதான் லேசாகக் கருகல் நெடி அடித்தது.

"அதான் பவர் சப்ளை. சுவத்துல இருந்து வர்ற கரண்ட்டை வாங்கி, உள்ள இருக்கறவங்களுக்கு யார் யாருக்கு எவ்வளவு வேணுமோ அளந்து ஊத்தறது அதுதான். அதுலதான் கோளாறு. இருந்தாலும் நான் சொன்னா ஆச்சா? அதோட வாயாலயே சொல்லட்டும். பேப்பர் கிளிப் இருக்கா?"

இருந்தது. அந்தம்மா சொல்லச் சொல்லச் செய்தாள். கத்தை வயரோடு பலகையில் சொருகியிருந்த பெரிய பிளக்கைப் பக்குவமாகப் பிடுங்கினாள். அத்தனை வயரில் பச்சை ஒன்றே ஒன்றுதான், பக்கத்தில் கறுப்பு. கிளிப்பை வளைத்து அந்த இரண்டு ஓட்டையிலும் விட்டாள்.

"பச்சையும் கறுப்பும் தொட்டா, எழுந்திருன்னு அர்த்தம். உசிர் இருந்தா விசிறி சுத்தும். கிளிப்புல இருந்து கையை எடுத்துட்டு, இப்ப கரண்ட் குடு."

கொடுத்தாள். விசிறி அசையவில்லை.

"போயிடுச்சு. பிளக்கைப் பிடுங்கிட்டு, மத்த வயரையும் உருவி, பின்னாடி நாலு ஸ்க்ரூவைக் கழட்டிப் பெட்டியை இங்க கொண்டா. அதை மட்டும் திறந்து பார்க்காத. கரண்ட்டைப் பிடுங்கினாலும் உள்ள கொஞ்சம் தேக்கி வெச்சிருக்கும். அடிச்சா ஏழு ஜென்மம் தெரியும்."

பின்பக்கம் ஸ்க்ரூவைத் தேடும்போதுதான் பார்த்தாள். வயர் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில், பள்ளத்துக்குள் புதைந்த மாதிரி ஒரு சின்னச் சிவப்பு சுவிட்ச். அதில் 115 என்று தெரிந்தது. சிவப்பின் மேல் பொட்டு வைத்த மாதிரி நீல மை.

"சிவப்பு சுவிட்ச் ஒண்ணு இருக்கு. நூத்துப் பதினஞ்சுன்னு போட்டிருக்கு" என்றாள் ஃபோனில்.

மெல்லுகிற சத்தம் நின்றது. "யாரு தள்ளினது அதை?"

"ஏன்?"

"வீட்டுக் கரண்ட் இருநூத்து முப்பது. இந்த சுவிட்ச், பாதிதான் வருதுன்னு அதுக்குப் பொய் சொல்லியிருக்கு. பாதிக்கு வாயைத் திறந்தவன் தொண்டையில முழுசா ஊத்தினா என்ன ஆகும்? தானா நகர்ற சுவிட்ச் இல்லம்மா அது. குத்தித் தள்ளணும்."

மருமகள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். மாமனார் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து பேப்பரில் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தார். கையில் நீலப் பேனா.

"தெரியல" என்றாள் ஃபோனில், குரலைத் தாழ்த்தி.

தெரியாமல் என்ன? மாமனாருடைய பழக்கம் வீட்டுக்கே தெரியும். வெளியே கிளம்பினால் ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டு, "அணைச்சாச்சு, அணைச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வருவார். கேபினில் டியூட்டி முடியும்போது எல்லா லீவரையும் அதனதன் இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் இறங்குவாராம். அந்த வழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. அவர் ரவுண்ட் முடிக்காமல் யாரும் படி இறங்க முடியாது.

ஆனால் பாப்பா இதை அப்படியா எடுத்துக்கொள்வாள்? ஏற்கெனவே அவள் விரல் விட்டு வைத்திருக்கிறாள். கேஸை அணைக்காமல் பார்க்குக்குப் போனது ஒன்று. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் தவித்தது ஒன்று. இப்போது, நல்லா இருந்த கம்ப்யூட்டரைத் தானே கொளுத்தியது என்று இன்னொன்று. ஒரு மணி நேரம் இல்லை, ஒரு நிமிஷம்கூட உட்கார மாட்டாள். பெட்டியைத் திறந்து சட்டைகளை அடுக்க ஆரம்பித்துவிடுவாள்.

மருமகளுக்கு ஏன் இவ்வளவு தவிப்பு என்று கேட்டால், அவளுக்கே ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாது. கப்பல் போன வீட்டில் ஒரு மனுஷக் குரல் இருந்தது. வேலை முடிந்து வந்தால், "இன்னைக்கு எத்தனை பல்லும்மா?" என்று கேட்க ஒருத்தர் இருந்தார். தன் அப்பாவிடம் பேசியதைவிட இவரிடம் அதிகம் பேசியிருக்கிறாள். அதைப் போக விட அவளுக்கு மனசில்லை.

சொல்லக்கூடாது என்று முடிவு பண்ணினாள். அவரிடம்கூடக் கேட்கவில்லை. பழைய பவர் சப்ளையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கடைக்காரம்மா அதை வாங்கி ஒரு தடவை முகர்ந்தது, உதட்டைப் பிதுக்கியது, காலுக்குக் கீழே வைத்தது. அலமாரியில் இருந்து புதுசு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்து, "இதுல அந்தச் சிவப்புச் சனியன் கிடையாது. எவ்வளவு வந்தாலும் தானே புரிஞ்சுக்கும்" என்றது.

"வேலை செய்யுமா?"

"நீயே எழுப்பிப் பாரேன்."

மருமகள் கிளிப்பை மறுபடி பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவில் விட்டாள். கடைக்காரம்மா கரண்ட் கொடுத்தது. விசிறி ஒரு தடவை தயங்கியது, பிறகு சத்தமே இல்லாமல் சுற்ற ஆரம்பித்தது.

பார்த்துக்கொண்டே நின்றாள். பலகை இல்லை, பட்டன் இல்லை, ஒரு கம்பித்துண்டு. அதைப் போய் நம்பி இந்தத் தகரம் கண் திறக்கிறது. கையை நீட்டினாள், காற்று விரல் நுனியில் பட்டது.

"முதல்ல பார்க்கறவங்க எல்லாம் இப்படித்தான் நிப்பாங்க" என்றது கடைக்காரம்மா. "நானும் நின்னேன்."

"மத்ததெல்லாம் பிழைச்சிருக்குமா?"

"அது மாட்டினாத்தான் தெரியும். நல்ல பவர் சப்ளையா இருந்தா, அடியைத் தான் வாங்கிட்டு மத்தவங்களை விட்டுடும். மட்டமானதா இருந்தா போறப்ப எல்லாரையும் கூட்டிட்டுப் போயிடும்."

"நீங்க வந்து மாட்டித் தர முடியாதா?"

"பல்லே மாட்டற. இது நாலு ஸ்க்ரூ. போ."

கடைக் கூட்டத்தில் காத்திருந்து வீட்டுக்கு வரவே மணி நாலாகிவிட்டது. வந்ததும் தரையில் விரிப்பு விரித்து உட்கார்ந்தாள். நாலு ஸ்க்ரூவையும் முதலில் பாதி பாதியாக விட்டு, பிறகு முறுக்கினாள். ஒரே பக்கம் இறுக்கினால் கோணிக்கொள்ளும் என்று பல் செட் கற்றுக் கொடுத்திருக்கிறது. பெரிய பிளக்கைச் சொருகினாள், கொக்கி டிக்கென்று விழுந்தது. டிஸ்க்குக்குப் போகிற தட்டை வயரைச் சொருகினாள். மாமனார் டார்ச் பிடித்தார். அவர் கண் அடிக்கடி, பழைய சுவிட்ச் இருந்த இடத்துக்குப் போய்ப் போய் வந்தது.

பட்டனை அமுக்கினாள். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே கிடந்தது.

அணைத்தாள், மறுபடி போட்டாள். விசிறி சுற்றியது, திரை இருட்டு.

எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம்.

பாப்பா உள்ளே வந்தாள், சொன்ன மாதிரியே பெட்டியோடு. சக்கரம் வைத்த பெரிய பெட்டி. மாமனாருடைய துணி அத்தனையும் போட்டாலும் பாதி இடம் மிஞ்சும். அதை வாசற்படி தாண்டி இழுக்கும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"என்ன இது, கடை பரப்பி வெச்சிருக்கீங்க?"

"கம்ப்யூட்டர் ரிப்பேர் அண்ணி. இப்ப சரியாயிடும். உங்க வீட்டுல அண்ணன் வரலையா?"

"அவருக்கு வேலை." பாப்பாவின் கைப்பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள், கவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். "அப்பா, எப்படி இருக்கீங்க? என்னைத் தெரியுதா?"

"தெரியுது. இளைச்சுட்ட" என்றார் மாமனார்.

"ரிப்பேர்னா எப்படி ஆச்சு?"

"பழசு அண்ணி, அதான்" என்று சொல்லிவிட்டு மருமகள் அவசரமாகத் தரையில் மண்டிபோட்டாள். முகத்தைப் பெட்டிக்குள் ஒளித்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. அப்படி ஒளித்துக்கொண்ட முகத்துக்கு நேர் எதிரே, பலகையின் மேல் மூலையில், வாய் பிளந்துகொண்டு ஒரு சின்னச் சதுர ஓட்டை தெரிந்தது. நாலு துளை. காலையில் பழசைக் கழற்றும்போது அதிலிருந்து ஒன்றை உருவியது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கத்தையைக் கிளறினாள். நாலு துளைக்கு ஏற்ற பிளக் ஒன்று அம்மா கையை விட்ட பிள்ளை மாதிரி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைச் சொருகினாள். மறுபடி கரண்ட் கொடுத்து பட்டனை அமுக்கினாள்.

விசிறி சுற்றியது. ஒரு பீப். இருட்டுத் திரையில் வெள்ளை எழுத்துக்கள் வந்தன, அப்புறம் நீலம், அப்புறம் மாமனார் வைத்திருந்த பழைய கேபின் படம்.

ஒன்றும் சாகவில்லை. கடுகு கடுகாக இருந்த அத்தனையும் அத்தனை பெரிய அடிக்கு அப்புறமும் அப்படியே இருந்தன. மருமகள் தரையில் உட்கார்ந்தபடியே அந்தப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"அஞ்சாகப் போகுது" என்றார் மாமனார். நாற்காலியில் உட்கார்ந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், காதில் ஹெட்போனை மாட்டினார். பாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டாள் மருமகள்.

திரை கறுத்தது. மெல்லிய கோடுகள் வந்தன, பிரிந்தன, சேர்ந்தன, கோலம் மாதிரி விரிந்தன. கோடுகளின் மேல் சிவப்பாக எண்கள் ஊர்ந்தன. ஒவ்வொன்றும் ஒரு ரயில்.

"கிழக்கு, சொல்லுங்க" என்றார் மாமனார். எங்கேயோ இன்னும் பொழுது விடியாத ஊரில் இருந்து ஒரு பெண் குரல் பேசியது ஹெட்போனுக்கு வெளியிலும் லேசாகக் கேட்டது. "வரட்டும். ரெண்டாவது லைன்."

பாப்பா முதலில் கைகளைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தாள். ரயில்கள் இரண்டு, நாலு என்று ஏறிக்கொண்டே போயின. மாமனார் குரல் ஏறவே இல்லை. கிளிக் பண்ணுவார், விரலை நீட்டிக் காட்டுவார், "கொடுத்தாச்சு" என்பார். அடுத்தது.

கவிழ்த்து வைத்த ஃபோன் மேஜைமேல் அதிர்ந்தது. பாப்பா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நடுவில் ஒரு கட்டத்தில் எல்லாம் ஓட, ஒரே ஒரு எண் மட்டும் ஜங்ஷனுக்கு வெளியே நின்றது. மேற்கு ஸ்டேஷன்காரர் காதுக்குள் ஏதோ கத்துகிறார் என்று தெரிந்தது. மாமனார் பேசாமல் இருந்தார். நேரம் போனது. பாப்பா மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தியா என்றது அந்தப் பார்வை.

"அப்பா" என்றாள் பாப்பா மெதுவாக, குழந்தையிடம் சொல்கிற மாதிரி. "அங்க ஒண்ணு நிக்குது. மறந்துட்டீங்க."

"மறக்கல. அது நிக்கணும்."

சொல்லி வாய் மூடவில்லை. திரையின் ஓரத்தில் இருந்து இன்னொரு எண் விருட்டென்று வந்தது, தாமதமான வேக ரயில். காலியாக வைத்திருந்த அந்த ஒரே கோட்டில் ஜங்ஷனுக்குள் புகுந்து, எந்தச் சிவப்பிலும் நிற்காமல், எதிர்ப்பக்கம் வெளியேறிப் போனது. நின்றதை அவர் அப்புறம்தான் விட்டார். முன்னாலேயே விட்டிருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றிருக்கும். அது பாப்பாவுக்குக்கூடப் புரிந்தது.

பாப்பா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"சின்ன வயசுல நான் சாப்பாடு கொண்டு போவேன்" என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "கேபின் படிக்குக் கீழயே நிறுத்திடுவார். மேல வரக்கூடாது. மேல மணி அடிக்கும், இரும்புச் சத்தம் கேக்கும். அப்பா அங்க என்ன பண்றார்னு எனக்குத் தெரியவே தெரியாது. இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

மருமகளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வாரா வாரம் காய் நறுக்கிக்கொண்டே இந்தக் குரலைக் கேட்டிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. இந்த மனுஷன் டீ டம்ளரை எங்கே வைத்தேன் என்று தேடுகிறவர். ஆனால் இன்னும் வராத ரயிலுக்கு இப்போதே வழி ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசாமல் காத்திருக்கிறார்.

ஆட்டம் முடிந்தது. எதுவும் மோதவில்லை. மாமனார் ஹெட்போனைக் கழற்றி அதன் வயரைச் சுற்றி வைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று மருமகள் நினைத்தாள்.

"பாப்பா, ஒண்ணு சொல்லணும்" என்றார் மாமனார். "கம்ப்யூட்டர் பழசாகிக் கெடல. நான் கெடுத்தேன்."

மருமகள் குறுக்கே புகுந்தாள். "மாமா, அதெல்லாம் இப்ப எதுக்கு..."

"இரும்மா. கேபின்ல தப்பு நடந்தா முதல்ல நாமதான் சொல்லணும். அடுத்தவங்க கண்டுபிடிக்கிற வரைக்கும் காத்திருக்கக்கூடாது." மகளைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை. கண் டாக்டர்கிட்டக் கிளம்பிட்டு இருந்தோம். இவ கம்மல் திருகாணி விழுந்துடுச்சுன்னு மேஜையை இழுத்துப் போட்டிருந்தா. அன்னைக்குத்தான் பெட்டியோட முதுகை முதல் தடவையாப் பார்த்தேன். சிவப்பா ஒண்ணு. எங்க கேபின்ல சிவப்பு லீவர்னா சிக்னல். அதை இழுத்தபடி விட்டுட்டு யாரும் இறங்க மாட்டோம். பேனா முனையால தள்ளினேன். இருநூத்து முப்பது போய் நூத்துப் பதினஞ்சு வந்துது. குறைஞ்சா அணைஞ்ச மாதிரிதானேன்னு நினைச்சுக்கிட்டேன்."

"அதுக்கப்புறம் போடவே இல்லையா?"

"நேத்து கண்ணுல மருந்து. பார்க்கக்கூடாதுன்னாங்க. இன்னைக்குக் காலையில போட்டேன். காலையில இருந்து யோசிச்சுப் பார்த்து, இவ அந்த இடத்தையே உத்துப் பார்த்தப்பதான் எனக்குப் பிடிபட்டுது. இவளுக்கும் தெரியும். என்னைக் காப்பாத்தறதுக்காக வாயைத் திறக்கல."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேஸை மறந்தது மறந்ததுதான். இல்லைன்னு சொல்லல" என்றார் அவர். "வயசாகுது. நீ என்ன முடிவு பண்ணினாலும், இதையும் சேர்த்துக்கிட்டு முடிவு பண்ணு."

பாப்பா, அப்பா சுற்றி வைத்த ஹெட்போன் வயரையே பார்த்தாள்.

"திருகாணி வரைக்கும் ஞாபகம் இருக்கு" என்றாள் கடைசியில். "உங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா. நீங்க இங்கயே இருங்க."

மருமகளுக்கு எழுந்து போய் அண்ணியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டிருப்பாள், அந்த முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று நிம்மதியடைந்த மகளின் முகம் அது இல்லை. பிடித்துக்கொண்டிருந்த கொம்பு கையோடு வந்துவிட்டவளின் முகம்.

"அப்ப நான் கிளம்பறேன்" என்று பாப்பா எழுந்தாள். எழுந்தவள் நகரவில்லை.

"இருங்க அண்ணி, நான் பெட்டியை எடுத்துத் தர்றேன்" என்று மருமகள் கைப்பிடியைப் பிடித்து ஒரு பக்கமாகத் தூக்கினாள். தூக்க முடியவில்லை. காலிப்பெட்டி இல்லை அது. மாமனாருடைய துணிக்காகக் கொண்டுவந்த பெட்டியில், ஒரு கைக்குட்டை வைக்கக்கூட இடம் இருக்காது போலிருந்தது. பிதுங்கிய ஜிப்பின் ஓரத்தில் புடவைத் தலைப்பு ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டிக்கொண்டு போக வந்த பெட்டி இல்லை அது, தங்க வந்த பெட்டி. கூட ஒருத்தர் இருந்தே ஆக வேண்டிய அப்பாவாக அவர் இருந்திருந்தால், இந்தப் பெட்டிக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். யாருக்கும் பதில் சொல்லாமல் பாப்பா இங்கேயே தங்கியிருக்கலாம். அந்தக் காரணத்தைத்தான் காலையிலிருந்து நாலு ஸ்க்ரூ முறுக்கி, வயர் சொருகி, தான் அவளிடமிருந்து பிடுங்கியிருக்கிறோம் என்று மருமகளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"பெட்டியை உள் ரூம்ல வைம்மா" என்றார் மாமனார், கம்ப்யூட்டரை அணைத்துக்கொண்டே.

பாப்பா திரும்பினாள். "அப்பா, நான்..."

"படியில இழுக்கறப்பவே சக்கரம் கனமாச் சத்தம் போட்டுது. வந்ததும் ஃபோன் அடிச்சுது, கவிழ்த்து வெச்ச. நான் வேக வண்டிக்கு வழி பார்த்துட்டு இருந்தப்ப ஒரு தடவை, கடைசி வண்டி போறப்ப ஒரு தடவை. மூணுத்தையும் எடுக்கல." சுவிட்சைத் தொட்டார். "அணைச்சாச்சு. எத்தனை நாள்னு நான் கேக்கல. என்னாச்சுன்னும் இப்ப கேக்கல. நீயா சொல்ற வரைக்கும் இரு."

ஐம்பதைத் தொடப் போகிற பாப்பா அதே நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். மருமகள் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ ரயிலை வைத்துக்கொண்டு இவர் இதையும் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று மாமனாரையே பார்த்தாள். அவரோ அடுத்த சுவிட்சுக்குப் போயிருந்தார்.

மேஜைமேல் கவிழ்ந்து கிடந்த ஃபோன் மறுபடி அதிர்ந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அது நிற்பதாக இல்லை.

மாமனார் திரும்பி வந்து மகளுக்கு முன்னால் கையை நீட்டினார்.

"அதை இங்க குடு பாப்பா. மாப்பிள்ளைகிட்ட நான் பேசறேன்."